வீட்டுக்காரர் கையெழுத்து

கிளிநொச்சியில் எனக்கு ஒரு சின்னக் கொமினிகேசன் கடை. இரண்டு கணினி, ஒரு போட்டோக்கொப்பி மெசின், ஒரு லமினேட்டிங் மெசின், வருகிறவர்களுக்கு மூன்று பிளாஸ்டிக் கதிரை. ரீலோட் போடுவதும் பரீட்சைப் பெறுபேறு எடுத்துக் கொடுப்பதும் உண்டுதான். ஆனால் கடை வாடகையைக் கட்டுவது படிவம் நிரப்பும் காசு. பாஸ்போட், பொலிஸ் றிப்போட், கனடா விசிற்றர் விசா, லண்டன் ஸ்டூடன்ட் விசா என்று பன்னிரண்டு வருடமாக மற்றவர்களின் பயணங்களை நான்தான் தட்டச்சுச் செய்து அனுப்புகிறேன். நான் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனது ஒரே ஒருமுறை, அதுவும் தம்பியை வழியனுப்ப.

இந்தத் தொழிலில் ஒரு வசதி இருக்கிறது. படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்று கேட்கிற இடத்தில் நான் எழுதுவது ஒன்று. கணினி மெதுவாகத் திறக்கிற நேரத்தில், அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு அவர்கள் சொல்வது இன்னொன்று. ஆண்கள் பெரும்பாலும் தொகை சொல்வார்கள். அங்கே இவ்வளவு சம்பளம், ஏஜென்சிக்கு இவ்வளவு கட்டவேண்டும், இத்தனை மாதத்தில் அடைத்துவிடலாம். பெண்களும் தொகை சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, அப்புறம் வேறொன்று சொல்வார்கள். அந்த வேறொன்றைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கடை தொடங்கிய புதிதில் ஒருத்தி வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். இடுப்பில் ஒரு பெண்பிள்ளை. சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகவேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை மேசையில் வைத்துவிட்டு, மெல்லிய குரலில், "அக்கா, இதில ஒரு இலக்கத்தை மட்டும் மாத்தேலாதோ?" என்றாள். பிள்ளைக்கு ஐந்து வயதாக இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதுதான் சிக்கல்.

இந்த ஐந்து வயதுக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் 2005இல், பாஸ்போட்டில் வயதைக் கூட்டிப் போட்டு, சவூதிக்கு அனுப்பப்பட்டவர். உண்மையில் அப்போது அவருக்குப் பதினேழு வயது. அவர் பார்த்துக்கொண்ட கைக்குழந்தை இறந்துபோனதற்குக் கொலைக்குற்றம் சாட்டி, 2013 ஜனவரி 9 அன்று அவரின் தலையை வெட்டினார்கள். அன்றைக்கு நாடே அழுதது. அழுது முடித்த அரசாங்கம் என்ன செய்தது? வயதைக் கூட்டி எழுதிய தரகர்களை வேரோடு பிடுங்கியிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அங்கே ஒழுங்கான மொழிபெயர்ப்பாளரும் வழக்கறிஞரும் ஏன் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்று தன்னையே கேட்டிருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பெண்களுக்குக் கதவைச் சாத்தியது. சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போக 25 வயது முடிந்திருக்கவேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகமுடியாது. அதற்கு மேல் குடும்பப் பின்னணி அறிக்கை. கிராம சேவகரான விதானையார் தொடக்கம் பிரதேச செயலகம் வரைக்கும் வீட்டைப் பார்த்து, பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டு, கணவனின் சம்மதத்தையும் எழுதி வாங்கவேண்டும். கட்டாருக்குக் கொத்தனார் வேலைக்குப் போகிற தகப்பனிடம் பிள்ளைக்கு எத்தனை வயதென்று யாரும் கேட்டதில்லை.

நான் இலக்கத்தை மாற்றவில்லை. மாற்றினால் நானும் உள்ளே போகவேண்டியதுதான். ஏழு மாதம் பொறுத்துப் போகச் சொன்னேன். அப்போதுதான் அவள் அடுத்ததைச் சொன்னாள். அவளின் கணவன் புதுக்குடியிருப்பில் வேறொருத்தியோடு இருக்கிறான். மூன்று வருடமாக ஒரு பால்மா பெட்டிகூட வாங்கிக் கொடுக்கவில்லை. ஆனால் சம்மதம் அவனிடம்தான் வாங்கவேண்டும். தேடிப் போயிருக்கிறாள். கையெழுத்துக்கு ஐயாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறான். "காசைக் குடுத்திட்டன் அக்கா. என்ன செய்யிறது, அவர்தானே வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் ஏழு மாதம் பொறுக்கவில்லை. யாரோ ஒரு தரகன் விசிற்றிங் விசாவில் அனுப்பிவிட்டான். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது கடைசி எட்டு மாதச் சம்பளம் பாக்கி. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனவளுக்குக் காப்புறுதி இல்லை, முறைப்பாடு செய்யவும் வழி தெரியவில்லை. வேலைக்குப் போனதாகவே பதிவில் இல்லாத ஒருத்திக்கு யார் சம்பளம் வாங்கிக் கொடுப்பது? 2022 நவம்பரில் ஓமானில் சிக்கிக்கொண்ட பெண்களின் செய்தி வந்து ஊரெல்லாம் பரபரத்ததே, அவர்களிலும் பலர் இப்படிச் சுற்றுலா விசாவில் போனவர்கள்தான். செய்தி வாசித்த எவருக்கும் அவர்கள் ஏன் அந்த வழியால் போனார்கள் என்ற கேள்வி வந்ததாகத் தெரியவில்லை.

என் கதைக்கு வருகிறேன்.

2006 ஓகஸ்டில் சண்டை திரும்பவும் மூண்டு வன்னியை வெளியோடு இணைத்த ஏ9 பாதை பூட்டப்பட்டது. வன்னிக்குள் வீட்டுக்கொருவர் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு வரவேண்டும் என்று வந்தது. வெளியே போவதென்றால் இயக்கத்தின் பாஸ் வேண்டும். இளம் ஆட்களுக்கு அது கிடைக்காது. எங்கள் வீட்டில் நானும் தம்பியும். தம்பிக்குப் பதின்மூன்று. ஆக அந்த ஒருவர் நான்தான். எனக்குப் பதினெட்டு வயது, அடுத்த வருடம் ஏ.எல். சோதனை. அம்மா இரண்டு கிழமைக்குள் தன் அண்ணனின் மகனுக்கு என்னைக் கட்டிவைத்தார். கலியாணம் கட்டியவர்களை அப்போது எடுக்கவில்லை. பின்னர் அதையும் பார்க்காமல் எடுத்தார்கள் என்பது வேறு கதை. அந்த வருடம் எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் கழுத்தில் மஞ்சள் கயிறு. சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பௌதிகம் படித்தோம்.

எங்கேயாவது போய்விடவேண்டும் என்று முதன்முதலாக நான் விரும்பியது அப்போதுதான். லண்டன், கனடா என்றெல்லாம் இல்லை. எல்லைச் சாவடி இருந்த ஓமந்தைக்கு அங்கால் போனால் போதும். ஓமந்தைக்கு அங்கால் ஆமி நின்றது, அங்கே போனவர்களின் கதைகளும் தெரியும். இருந்தாலும் மனம் அந்தப் பக்கம்தான் இழுத்தது. ஒரு பக்கத்துக்குப் போகாமல் இருக்கத் தாலி வேண்டும், மற்றப் பக்கத்துக்குப் போகப் பாஸ் வேண்டும் என்று இருந்தபோது, போவது என்ற சொல்லே எனக்கு இனித்தது. எங்கே என்பது பெரிய விசயமாகப் படவில்லை.

முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். அதை நான் எழுதப் போவதில்லை, எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2010இல் கிளிநொச்சிக்குத் திரும்பினோம். அந்த வருடக் கடைசியில் மகள் பிறந்தாள்.

2012இல் அவுஸ்திரேலியாவுக்குப் படகுகள் போயின. அந்த ஒரு வருடத்தில் மட்டும் இலங்கையில் இருந்து ஆறாயிரம் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். என் கணவரும் ஆயத்தமானார். முதலில் தான் போவது, போய்ச் சேர்ந்ததும் எங்களைக் கூப்பிடுவது என்று கணக்கு. நான் விடவில்லை. கடலுக்குப் பயந்து மறிக்கிறேன் என்று மாமி நினைத்தார். அது கொஞ்சம் உண்மைதான். ஆனால் பெரிய பயம் படலையில் இருந்தது. அந்தக் காலத்தில் சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து விபரம் எடுப்பார்கள். வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே போனது, எப்போது வருவது. அவர் வீட்டில் இருந்தால் படலைக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் இல்லாத ஒருநாள் வந்தவர் உள்ளே வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, கதிரையில் முக்கால் மணித்தியாலம் இருந்தார். ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை. என் ஃபோன் நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு போனார். அன்று இரவு முழுக்க நான் தூங்கவில்லை.

அவர் படகேறிவிட்டால், அவர் எங்கே என்று கேட்டு வருகிறவர்களுக்குக் கதவு திறக்கப்போவது நான். ஒன்றரை வயதுப் பிள்ளையோடு. ஆண்கள் தப்பிப் போன கதைகளை நிறையக் கேட்டிருக்கிறோம், அகதி மனுவில் அவை பக்கம் பக்கமாக இருக்கும். அவர்கள் போன பிறகு அந்த வீட்டுக் கதவைத் தட்டியவர்களுக்குப் பதில் சொன்ன பெண்ணின் கதைக்கு மனுவில் இடமில்லை. நாட்டின் நிலைமை ஒன்றுதான். அது அவரைப் போகச் சொன்னது, என்னை அவரை மறிக்கச் சொன்னது.

பத்து வருடம் கழித்து மாறி நடந்தது. 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்த பிறகு என் கடையில் நிற்க இடமில்லை. அந்த வருடம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் வேலைக்கென்று நாட்டைவிட்டுப் போனார்கள். கடதாசி தட்டுப்பாடு, கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் இல்லை. கரண்ட் வருகிற நேரம் பார்த்து விடியப்புறம் மூன்று மணிக்குக் கடை திறந்திருக்கிறேன். அப்போது வடக்கில் இருந்து பாஸ்போட்டுக்கு வவுனியா போகவேண்டியிருந்தது. பிள்ளைகளோடு தெருவிலேயே படுத்து வரிசை பிடித்தார்கள்.

அப்போது கதிரையில் வந்திருந்தவர்கள் வேறு மாதிரிப் பெண்கள். ரீச்சர்மார், தாதிமார், பிரதேச செயலகத்து உத்தியோகத்தர். ஜூன் மாதம் அரசாங்கமே சுற்றறிக்கை விட்டிருந்தது, அரச ஊழியர்கள் சம்பளமில்லாத லீவில் ஐந்து வருடம் வரைக்கும் வெளிநாட்டுக்குப் போய் உழைக்கலாம் என்று. அதே மாதத்தில் சவூதிக்கான 25 வயது 21 ஆனது. அந்த வருடமே பிள்ளையின் ஐந்து வயதும் இரண்டு ஆனது. 2020இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டுப் பணவரவு, 2022இல் 380 கோடியாக விழுந்திருந்தது. டொலர் இருந்த காலத்தில் தாயைப் பிரிந்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று ஐந்து வருடம் கணக்கு வைத்தவர்கள், டொலர் முடிந்ததும் இரண்டு வருடத்தில் பிள்ளை வளர்ந்துவிடும் என்று கண்டுபிடித்தார்கள். நாடாளுமன்றத்தில் அப்போது 225 பேரில் 12 பேர் பெண்கள். அவர்களில் யாரிடமாவது கேட்டிருப்பார்களா தெரியாது. எனக்கு இரண்டு முடிவிலும் கோபம்தான். என்னை மறித்ததும் என் நன்மைக்கு இல்லை, போகச் சொன்னதும் என் நன்மைக்கு இல்லை.

அந்த வருடம் நானும் போக விரும்பினேன். லண்டனில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு விசா கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள், குடும்பத்தையும் கூட்டிப் போகலாம். ஏஜென்சி கேட்ட காசுக்குக் காணி விற்கவேண்டும். காணிக் கதை ஒரு சுவாரசியமான கதை. இரணைமடுக் குடியேற்றத்தில் தாத்தாவுக்கு அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி, 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி மூத்த ஆண்பிள்ளைக்குப் போனது. அதாவது என் மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு. அந்தச் சட்டத்தை அண்மையில்தான் திருத்தினார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு பிடி மண் இல்லை. அம்மம்மாவின் ஊரில், சாவகச்சேரிப் பக்கம், சீதனமாக வந்த இரண்டு பரப்பு என் பெயரில் இருக்கிறது. என் பெயரில் இருந்தாலும், வடக்குத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி கணவனின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் அதை நான் விற்கமுடியாது. நொத்தாரிசு இதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் பைலைப் பார்த்தே சொன்னார். பாவம், நல்ல மனிதர்.

என் கணவர் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் அப்படியான ஆள் இல்லை. ஆனால் ஓட்டோவும் தோட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டு வந்த நேரம், அவருக்குப் போக மனமில்லை. 2012இல் அவரை நான் மறித்தேன். இப்போது நான் போய்க் கேட்கவேண்டும். நாலைந்து நாள் அந்தக் கடதாசி என் கைப்பைக்குள் இருந்தது. அப்புறம் எடுத்துக் கடை லாச்சிக்குள் போட்டேன். கேட்டு அவர் மறுத்ததாக யாரும் நினைக்கவேண்டாம். நான் கேட்கவே இல்லை. ஐயாயிரம் கொடுத்து வாங்கியவளின் சிரிப்பு ஞாபகம் வந்தது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். உண்மையில் வந்தது சலிப்புத்தான். பதினெட்டு வயதில் போகாமல் இருக்க ஒரு ஆம்பிளையின் பெயர், முப்பத்து மூன்றில் போவதற்கு அதே ஆம்பிளையின் பெயர். பிறகு, 2024 மார்ச்சில் லண்டன்காரரும் பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டி வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு விசா கிடைத்த ஒரு ரீச்சர், பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தனியே போனார். போவதற்கு முதல்நாள் வந்து அவர்களின் ரிப்போட் கார்ட்டுகளை எல்லாம் கொப்பி எடுத்துக்கொண்டு போனார், எதற்கென்று நான் கேட்கவில்லை.

எல்லாரும் போக விரும்புகிறார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. 2016இல் பரவிப்பாஞ்சானில் ஆமி பிடித்துவைத்திருந்த காணிக்கு முன்னால் குந்தியிருந்தவர்களில் அதிகம் பேர் பெண்கள். அடுத்த வருடம் கேப்பாப்புலவிலும் அப்படித்தான். குழந்தைகளோடு, சமையல் பாத்திரங்களோடு இருந்தார்கள். கனடாவில் சகோதரங்கள் இருக்கிற பெண்களும் அதற்குள் இருந்தார்கள். அதே 2017 பெப்ரவரியில், கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் தொடங்கிய போராட்டம் இன்னும் முடியவில்லை. முடிந்துகொண்டிருப்பது அம்மாமார்தான்.

அவர்களில் ஒருவர் என் நிரந்தர வாடிக்கையாளர். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்துக்கு அங்கால், பஸ்ஸில் ஏற்றியதைக் கண்ணால் பார்த்து மகனை ஆமியிடம் கொடுத்துவிட்டு வந்தவர். அவரின் கணவர் அதற்கு முந்தியே செல்லடியில் போய்விட்டார். மகள் ரொறொன்ரோவில். மகள் எத்தனையோ வருடமாகக் கூப்பிட்டும் போகாதவர், 2023இல் கனடா விசிற்றர் விசா கொஞ்சம் இலகுவாகி ஊரில் வயதானவர்கள் எல்லாம் குளிர்ச்சட்டை வாங்கத் தொடங்கிய நேரம், பிள்ளையின் கரைச்சல் தாங்காமல் கடைக்கு வந்தார்.

விசாப் படிவத்தோடு குடும்ப விபரப் படிவம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் போடவேண்டும், பிறந்த திகதி, இப்போதைய விலாசம், தொழில். இறந்திருந்தால் எங்கே, எப்போது. மகளின் விபரத்தை அடித்து முடித்துவிட்டு நான் நிறுத்தினேன். அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"எழுது பிள்ளை. அவன்ர பேரையும் எழுது."

"விலாசம் என்னெண்டு போடுறது அம்மா?"

"அவனுக்கு வேற விலாசம் இருக்கோ? எங்கட வீட்டு விலாசத்தைப் போடு."

தொழில் என்ற இடத்தில் திரும்பவும் நின்றேன். "ஏ.எல். படிச்சுக்கொண்டு இருந்தவன்" என்றார். மாணவன் என்று அடித்தேன். பிறந்த திகதிப்படி முப்பத்து மூன்று வயது.

ஆள் இல்லை என்று 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சான்றிதழ் எடுக்கலாம், மரணச் சான்றிதழ் எடுக்கத் தேவையில்லை என்று நான் முன்பு ஒருமுறை அவருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவன் இல்லையெண்டு என்ர வாயால சொல்லவேணும், அதுதானே?" என்று கேட்டார். பிறகு நான் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

விசா வந்துவிட்டது. மகள் ரிக்கெற்றுக்குக் காசும் அனுப்பிவிட்டாள். அம்மா போகவில்லை. ஒரு கிழமைக்கென்றாலும் போய்ப் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாமே என்று கேட்டேன். "அந்தக் கிழமைக்குள்ள அவன் வந்தானெண்டால் ஆர் கதவு திறக்கிறது?" என்றார். எனக்கு எங்கள் வீட்டுப் படலை ஞாபகம் வந்தது, மோட்டார் சைக்கிள் சத்தம் ஞாபகம் வந்தது. நான் கதவு திறக்கப் பயந்து கணவரை மறித்தவள். இவர் கதவு திறப்பதற்கென்றே இருக்கிறார்.

என் மகளுக்கு இப்போது பதினைந்து. சண்டையைக் காணாதவள். ஆனால் போகப்போகிறேன் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எங்கே என்று கேட்டால் கிழமைக்கு ஒரு நாடு சொல்வாள். ஏன் என்று கேட்டேன். ரியூசன் முடிந்து ஆறரைக்கு அப்பா வந்து நிற்காமல் தனியே சைக்கிளில் வீட்டுக்கு வரவேண்டுமாம். "அவ்வளவுதானோ?" என்றேன். "அது காணாதோ?" என்றாள். போன கிழமை லாச்சியை அடுக்கும்போது அந்தக் காணிக் கடதாசியை அவள் கண்டுவிட்டு என்னவென்று கேட்டாள். கொப்பி எடுக்க ஆள் வந்ததால் பதில் சொல்லவில்லை.

வந்தவர் அந்த அம்மாதான். மகனின் படம். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருப்பித்தது. பழைய லமினேட்டுக்குள் மழைத்தண்ணீர் போய் வலது காதுப் பக்கம் ஊதிவிட்டது, புதிதாகப் போட்டுத் தரவேண்டும் என்றார். மெசின் சூடாகக் கொஞ்ச நேரம் எடுக்கும், இருங்கள் அம்மா என்றேன். இருக்கவில்லை. மறுநாள் வவுனியாவில் போராட்டம், இன்றைக்கே தங்கச்சி வீட்டுக்குப் போய் நிற்கவேண்டும், பஸ் போய்விடும் என்று மெசினுக்குப் பக்கத்திலேயே நின்றார். வெளியே வந்ததும் சூடு ஆறமுதல் சேலைத் தலைப்பால் பிடித்து வாங்கிக்கொண்டு, ரோட்டைக் கடந்து ஓடினார்.